நாடிக்காப்பு உள்ள பாரம் குறைஞ்ச சைக்கிள் ஹெல்மெட்: எதைப் பார்த்து எடுக்கிறது?

குளக்கட்டு: மவுண்டன் பைக்குக்கு நாடியும் மூடுற ஹெல்மெட் எடுக்க வேணும். ஓடுறது ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கம். கிறவல் றோட்டும் காட்டுப்பாதையும். வெயிலுக்கு பாரம் குறைவா வேணும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் சரிவருமோ? நாடிப்பகுதியைக் கழட்டிப் பூட்டுற மொடல் எப்பிடி? தலைச் சுற்றளவு 57 செ.மீ., மூக்குக்கண்ணாடி போடுறனான்.

முன்சில்லு: மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம் தம்பி. கனதடவை ஒண்டரைக் கிலோவுக்குக் கிட்ட வரும், சைக்கிள் வேகத்தில அதுக்குள்ள காத்து ஓடாது. வன்னி வெயிலில தலை அவிஞ்சு போகும்.

எடையைப் பார்க்க முதல் உள்ளுக்கு ஒட்டியிருக்கிற லேபலை வாசியுங்கோ. இ.என். 1078 எண்ட ஐரோப்பியச் சைக்கிள் ஹெல்மெட் தரம் மட்டும் எண்டால் நாடிப்பகுதியை ஆரும் அடிச்சுச் சோதிக்கேல்லை எண்டு அர்த்தம். அந்தத் தரத்தில அப்பிடியொரு சோதனையே இல்லை. ஏ.எஸ்.டி.எம். எஃப்1952 எண்டு இருக்க வேணும். அதுதான் டவுன்ஹில் (மலையிறக்கத்தில வேகமா ஓடுற சைக்கிள்) தரம், நாடிக்குத் தனிச் சோதனை அதில உண்டு. கிறவலில முன்சில்லு புதைஞ்சு நிண்டால் ஆள் ஹாண்டிலுக்கு மேலால முகம் குப்புறத்தான் விழும், அதால இதில விட்டுக்குடுக்காதேங்கோ.

ட்ராய் லீ டிசைன்ஸ் ஸ்டேஜ் 690 கிராம் அளவில, ஃபாக்ஸ் புரோஃபிரேம் 750 அளவில வரும். ரெண்டும் இந்தத் தரம் உள்ளது.

சங்கிலிப்பல்லு: கழட்டிப் பூட்டுறதில கவனம். பெல் சூப்பர் டி.எச்.சுக்கு டவுன்ஹில் தரம் இருக்கு, அதே மாதிரித் தெரியிற சூப்பர் 3ஆர்-க்கு இல்லை. எங்கட புழுதி பூட்டுக்குள்ள போனால் முழுசாக் கொழுவாது. ஒவ்வொரு முறையும் பூட்டினாப்பிறகு நாடிப்பகுதியைப் பிடிச்சு இழுத்துப் பாருங்கோ. நான் எண்டால் கழட்டாததைத்தான் எடுப்பன். பூட்டுக்குரிய பாரமும் மிச்சம்.

குளக்கட்டு: சரியண்ணை, கழட்டாததே எடுக்கிறன். அளவு எப்பிடிப் பார்க்கிறது? 57 எண்டால் ஒரு கொம்பனியில எஸ், இன்னொண்டில எம் எண்டு கிடக்கு.

முன்சில்லு: அந்தந்தக் கொம்பனியின்ர அட்டவணையைத்தான் நம்ப வேணும். புருவத்துக்கு மேல ரெண்டு விரல் உயரத்தில, பின்மண்டை புடைச்ச இடத்தைச் சுத்தி நாடா பிடியுங்கோ. போட்டுப் பார்க்கேக்க கன்னப் பஞ்சு ரெண்டு பக்கமும் அமத்த வேணும், ஆனா வாயை மெல்லேக்க உட்கன்னம் பல்லில கடிபடக்கூடாது. பஞ்சு பாவிக்கப் பாவிக்க இளகும், அதால முதல் நாளே லூசா இருந்தால் விடுங்கோ. நாடிப்பகுதியை உள்ளங்கையால முகத்துப் பக்கம் தள்ளினால் நாடியில முட்டக்கூடாது. வாரைக் கட்டி, பின்விளிம்பைப் பிடிச்சு முன்னுக்கு உருட்டிப் பாருங்கோ; கழண்டு வந்தால் அந்த அளவு சரியில்லை. மூக்குக்கண்ணாடியையும் கொண்டு போங்கோ: ஹெல்மெட்டைப் போட்டாப்பிறகு கண்ணாடிக் கால் பஞ்சுக்குள்ளால நேரா நுழைய வேணும்.

சங்கிலிப்பல்லு: பஞ்சைக் கழட்டி மெல்லிய சவர்க்காரத்தில கழுவி நிழலில காயவிடுங்கோ. பெற்றோல், தின்னர் படவிடாதேங்கோ, நுளம்புக்குப் பூசின கையாலயும் ஹெல்மெட்டைத் தொடாதேங்கோ; டீட் உள்ள மருந்து பிளாஸ்ரிக்கை இளக்கும். தலை அடிபட விழுந்தால் வெளியில கீறலே இல்லாட்டிலும் மாத்துங்கோ. உள்ள இருக்கிற வெள்ளை நுரை ஒருக்கா நசிஞ்சால் திரும்ப எழும்பாது.