டாம்கேட்டில் ஓடும் ஆப், தன் பெயரைத் தானே தெரிந்துகொள்வது எப்படி?

கேட்டவர்: ராக்கோழி
ஒரே வார் ஃபைலை (ஜாவா வெப் ஆப்பின் பொதி) டாம்கேட் 9 சர்வரில் ஸ்டாக்.வார், ஸ்டாக்-டெஸ்ட்.வார், ரூட்.வார் என்று மூன்றாகப் போட்டிருக்கிறேன். லாக் ஃபைலுக்கு அந்தந்த ஆப்பின் பெயர் வர வேண்டும். ஆப்பின் பெயரைத் தரும் கெட்சர்வ்லெட்கான்டெக்ஸ்ட்நேம் மெத்தடைப் போட்டால் மூன்றிலும் ஒரே பெயர். ரிக்வெஸ்ட்டில் (பிரவுசரிலிருந்து வரும் கோரிக்கை) எடுக்கவும் வழியில்லை. லாக் எழுதுவது இரவு 2 மணிக்கு ஓடும் டைமர், அப்போது ரிக்வெஸ்ட்டுக்கு எங்கே போவது?

பதில்: பழைய ஜாவாக்காரன்
அந்த மெத்தட், வாருக்குள் உள்ள வெப்.எக்ஸ்எம்எல் என்ற அமைப்பு ஃபைலில் இருக்கும் டிஸ்ப்ளே-நேமைத்தான் தரும். வாரைக் காப்பி எடுத்தால் அதுவும் கூடவே வரும். அந்த வரி இல்லாவிட்டால் நல் (மதிப்பே இல்லை) கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது கான்டெக்ஸ்ட் பாத், அதாவது யூஆர்எல்லில் அந்த ஆப்பைக் குறிக்கும் பகுதி (/ஸ்டாக் போல). ஒரு சர்வ்லெட்கான்டெக்ஸ்ட்லிஸனர் (ஆப் எழுவதைக் கவனிக்கும் கிளாஸ்) எழுதி, கான்டெக்ஸ்ட்இனிஷியலைஸ்டு மெத்தடில் இதைப் போடுங்கள்:

பெயர் = ஈவென்ட்.கெட்சர்வ்லெட்கான்டெக்ஸ்ட்().கெட்கான்டெக்ஸ்ட்பாத்();

ஆப் எழும்போதே ஓடிவிடும், ரிக்வெஸ்ட் தேவையில்லை. ஜாவாவின் சர்வ்லெட் 2.5 விதிமுறையில் வந்தது இது. டாம்கேட் 9 அதைவிடப் புதியது, கவலையில்லை. முன்னால் ஒரு சாய்கோடு வரும், வெட்டிவிடுங்கள்.

ராக்கோழி
நன்றி அண்ணா. ஆனால் இப்போது எல்லா லாகும் ஸ்டாக்-டெஸ்ட்.லாக்-இல் போய் விழுகிறது! பெயரை ஒரு ஸ்டேட்டிக் வேரியபிளில்தான் வைத்திருக்கிறேன்.

பதில்: கிளாஸ்பாத்
அந்த கிளாஸ் இருக்கும் ஜார் (கிளாஸ்களின் பொதி) எங்கே கிடக்கிறது? டாம்கேட்டின் லிப் ஃபோல்டரிலா?

ராக்கோழி
ஆமாம். மூன்று ஆப்புக்கும் பொது என்று அங்கே போட்டேன்.

பதில்: கிளாஸ்பாத்
அதுதான் வினை. அங்கே இருந்தால் கிளாஸ் ஒரே முறைதான் லோட் ஆகும், ஸ்டேட்டிக்கும் ஒன்றே ஒன்று. கடைசியாக எழுந்த ஆப் மற்றவற்றின் பெயரை அழித்து எழுதிவிடும். ஜாரை ஒவ்வொரு ஆப்பின் வெப்-இன்ஃப்/லிப்புக்கு மாற்றுங்கள், டாம்கேட்டின் லிப்பில் இருப்பதை மறக்காமல் நீக்குங்கள். ஆப்புக்கு ஒரு கிளாஸ்லோடர் (கிளாஸை லோட் செய்யும் பகுதி) என்பதால் தனித்தனியாகிவிடும்.

ராக்கோழி
மாற்றி ரீஸ்டார்ட் செய்தேன், இரண்டும் பிரிந்துவிட்டன. ஆனால் ரூட்டின் லாகைக் காணோம்.

பதில்: பழைய ஜாவாக்காரன்
ரூட்டின் பாத் வெற்று ஸ்ட்ரிங். அதோடு .லாக் சேர்த்தால் ஃபைலின் பெயரே புள்ளியில் தொடங்கும், லினக்ஸ் அதை மறைத்துவிடும். மறைந்தவற்றையும் காட்டும் எல்எஸ் -ஏ கட்டளையைப் போட்டுப் பாருங்கள்.

ராக்கோழி
அடப்பாவி, இருக்கிறது. பாத் காலியாக இருந்தால் 'ரூட்' என்று வைக்கும்படி ஒரு இஃப் சேர்த்துவிட்டேன்.