வீட்டுக் கரோக்கிக்கு ட்ராலி ஸ்பீக்கர் போதுமா, மிக்சர் வைத்து செட் போட வேண்டுமா?

தங்கச்சிமடத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். நான் விசைப்படகு டிரைவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் வீட்டில்தான். அதற்குள் ஒரு கரோக்கி செட் வாங்கியே ஆகவேண்டும் என்று மகள்கள் இரண்டு பேரும் பிடிவாதமாக நிற்கிறார்கள். அம்மாவும் பாடுவார், கோயில் பாடகர் குழுவில் இருந்தவர். ஹால் 12க்கு 16 அடி, கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. கையில் 25,000 ரூபாய் இருக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர் வீட்டு ட்ராலி ஸ்பீக்கரை வாங்கி வந்து, டிவியோடு ப்ளூடூத்தில் சேர்த்துப் பாடினோம். சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாம் தாமதமாக வந்த மாதிரி ஒரு தடுமாற்றம். சின்னவள் ஒவ்வொரு வரியையும் முந்திப் பாடிவிட்டு விழித்துக்கொண்டு நின்றாள். மைக்செட் வைத்திருக்கிற நண்பர், மைக் சத்தத்தையும் இசையையும் கலந்து அளவு வைக்கிற மிக்சர் வாங்கு என்கிறார். மனைவி, தள்ளிக்கொண்டு போகிற பெட்டியே போதும் என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

உச்சிப்புளி மைக்செட்:
தம்பி, 18 வருடமாக மைக்செட் தொழில் செய்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கொடை, கந்தூரி எல்லாவற்றுக்கும் கட்டியிருக்கிறேன். ட்ராலி ஸ்பீக்கர் பக்கமே போகாதீர்கள். எக்கோ வசதியுள்ள சின்ன மிக்சர் ஒன்று, வயர் மைக் இரண்டு, உள்ளேயே ஆம்ப்ளிபயர் உள்ள ஸ்பீக்கர் ஒன்று. இவ்வளவுதான் வேண்டும்.

ட்ராலி பெட்டியின் அட்டையில் 10,000 வாட்ஸ் பிஎம்பிஓ (ஒரு கணம் மட்டும் எட்டுவதாகச் சொல்லும் உச்ச அளவு) என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தருகிற சக்தி, எத்தனை என்று கேளுங்கள். உங்கள் ஹாலுக்கு 100 வாட்ஸ் ஆர்எம்எஸ் தாராளம். அப்புறம், நீங்கள் சொல்கிற தாமதம் ப்ளூடூத்தால் வருவது. சாதாரண ப்ளூடூத்தில் சத்தம் 0.15 முதல் 0.25 நொடி வரை பிந்தி வரும். பாடுகிறவனுக்கு அது நரகம். வயர் போட்டால் அந்தப் பேச்சே இல்லை.

கீழக்கரை லாத்தா:
அண்ணன் சொல்கிறதில் பாதியை ஏற்கிறேன், மீதியை ஏற்க மாட்டேன். எங்கள் காக்கா (கூடப்பிறந்த அண்ணன்) துபாயிலிருந்து வரும்போது மிக்சர், ஸ்டாண்டு, ஸ்பீக்கர் என்று ஒரு மூட்டை கொண்டுவந்தார். அவர் ஊரில் இருந்த நாற்பது நாளும் பாட்டுதான். அவர் விமானம் ஏறிய பிறகு அந்த மிக்சருக்குத் துணி போட்டு மூடியதுதான், யாரும் தொடவில்லை. எந்தத் திருகை எவ்வளவு திருப்புவது என்று உம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் முதலில் தெரியாது. பிறகு நான் என் சீட்டுப் பணத்தில் ஒரு ட்ராலி ஸ்பீக்கர் வாங்கினேன். மூன்று வருடமாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் பாடுகிறோம். அடுப்படியில் வேலை இருந்தால் பெட்டியும் கூடவே வந்துவிடும்.

கரோக்கி என்பதே பெட்டியாகப் பிறந்ததுதான். 1971இல் ஜப்பானின் கோபே நகரத்தில் இனோவே டைசுகே என்ற இசைக்கலைஞர் கார் ஸ்டீரியோ, ஆம்ப்ளிபயர், மைக் மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கி, காசு போட்டால் ஓடும்படி செய்தார். சங்கீதம் படிக்காதவர்களும் பாடட்டும் என்று வந்த பொருள் அது. இன்றைக்கு அதை மைக்செட்காரர் வந்து உட்கார்ந்தால்தான் ஓடும் என்று ஆக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தங்கச்சிமடத்தாரே, ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு உங்கள் குரல் பிந்தி வந்ததா, பாட்டு பிந்தி வந்ததா? ட்ராலியில் மைக் சத்தம் ப்ளூடூத் வழியாகப் போகாது. மைக்கிலிருந்து நேரே பெட்டிக்குள் போய் அப்படியே வெளியே வரும். ப்ளூடூத்தில் வருவது பின்னணி இசை மட்டும்.

தங்கச்சிமடத்தான்:
இதை நான் யோசிக்கவே இல்லை. மகளிடம் கேட்டேன். மைக்கில் பேசினால் உடனே கேட்டதாம். டிவியில் எழுத்து முதலில் நிறம் மாறியதாம், இசை அதற்குப் பின்னால் வந்ததாம். அவள் எழுத்தைப் பார்த்துப் பாடியிருக்கிறாள், அதனால்தான் முந்தியிருக்கிறாள்.

கீழக்கரை லாத்தா:
அதுதான் விஷயம். பிள்ளைமேல் தப்பில்லை, பெட்டிமேலும் தப்பில்லை. டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து பெட்டிக்கு ஒரு ஆக்ஸ் வயர் (சத்தம் கடத்துகிற சாதாரண வயர்) போட்டால் எழுத்தும் இசையும் ஒன்றாக வரும்.

உச்சிப்புளி மைக்செட்:
தங்கச்சி சொல்வது சரி. நான் அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். குரலே பிந்தி வருவது, போன் ஆப்பில் ப்ளூடூத் இயர்போன் மாட்டிப் பாடும்போது. இங்கே நடந்தது வேறு.

ஆனால் என் முக்கியமான காரணம் தாமதம் இல்லை, உப்பு. பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு ட்ராலி ஸ்பீக்கர் போன ஆடியில் பழுதுக்கு வந்தது. வாங்கி ஒன்றரை வருடம்தான். பின்பக்கம் திறந்தேன். சார்ஜ் துளையின் தகடு பொரிந்து உதிர்ந்தது. மைக்கின் பேட்டரி வைக்கும் இடத்தில் ஸ்பிரிங் முழுக்கப் பச்சைக் களிம்பு. பேட்டரி 12 வோல்ட் லெட் ஆசிட் ரகம், மூன்று மாதம் சார்ஜ் போடாமல் வைத்திருந்ததில் செத்தேபோய்விட்டது. உள்ளே எல்லாம் ஒரே பலகையில் பதித்திருந்தார்கள். மைக் பகுதி மட்டும் போனாலும் பலகையோடு மாற்ற வேண்டும், அந்தப் பலகை எங்கேயும் கிடைக்கவில்லை. பெட்டி இன்னும் என் கடையில்தான் கிடக்கிறது.

அதே நாள் என்னுடைய பழைய வயர் மைக் ஒன்றையும் பிரித்தேன். தலைக்கம்பியைத் திருகிக் கழற்றி, பழைய பல் பிரஷால் கழுவி, உள்ளே இருந்த பஞ்சு பொடியாகிப் போனதால் புதுப் பஞ்சு வைத்து, முனையில் இருந்த மூன்று பின்னையும் சுரண்டித் துடைத்தேன். அரை மணி நேரம். அன்று ராத்திரியே மேடையில் பேசியது. ஷூர் எஸ்எம்58 என்று ஒரு மைக், 1966இலிருந்து ஏறக்குறைய அதே உருவத்தில் வருகிறது. ஏன் வருகிறது? பிரித்துச் சேர்க்க முடிகிறது, அதனால். (அந்தப் பெயரில் போலி நிறைய உண்டு. பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்காதீர்கள்.) செட்டாக இருந்தால் கெட்டதை மட்டும் மாற்றலாம். கச்சான் காற்று வீசுகிற ஊரில் இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

கீழக்கரை லாத்தா:
உப்பு எங்கள் வீட்டுக்கும்தான் வருகிறது அண்ணன். பாடி முடித்ததும் காய்ந்த துணியால் துடைப்பேன், மைக்கிலிருந்து பேட்டரியைக் கழற்றுவேன், மைக்குகளை மூடி போட்ட டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு வைப்பேன். பாடினாலும் பாடாவிட்டாலும் மாதம் ஒரு தடவை பெட்டியைச் சார்ஜில் போடுவேன். மூன்று வருடம் ஓடுகிறது.

வயர் மைக்கைப் பற்றி நீங்கள் சொல்லாத ஒன்று உண்டு. காக்காவின் செட்டில் பாடும்போது உதட்டில் சுர்ரென்று இழுத்தது. உம்மா மைக்கைக் கீழே போட்டுவிட்டார். அன்றிலிருந்து வயர் மைக் என்றால் அவருக்குப் பயம்தான். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதை எப்படி வாங்கச் சொல்கிறீர்கள்?

உச்சிப்புளி மைக்செட்:
நல்ல கேள்வி, இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மைக் இழுத்தது என்றால் எர்த் இல்லை. வெளிநாட்டு பிளக்கை நம் ஊர் சாக்கெட்டில் செருக ஒரு அடாப்டர் போட்டிருப்பீர்கள், அதில் எர்த் பின் தொடாமல் இருந்திருக்கலாம். இல்லையென்றால் வீட்டு எர்த்தே செத்திருக்கலாம். நம் கரையில் மேல்மணல் கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் பலவீனமாகிவிடும். எந்தச் செட் வாங்கினாலும் முதலில் ஒரு வயர்மேனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள், மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பாருங்கள். இதில் மட்டும் மிச்சம் பிடிக்கவே கூடாது. டிவி, மிக்சர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் ம்ம்ம் என்ற இரைச்சலும் பெரும்பாலும் வராது.

பெரியபட்டினம் பாடகன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். லாத்தா, அண்ணே, ஸ்பீக்கரே எதற்கு? நான் கண்டென்சர் மைக் (சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் மைக்), அதைப் போனோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், வயர் ஹெட்போன் வைத்து ஆப்பில் பாடுகிறேன். அவ்வளவு துல்லியமாகப் பதிவாகிறது. பக்கத்து வீட்டுக்கும் தொந்தரவு இல்லை.

உச்சிப்புளி மைக்செட்:
தம்பி, தனியாகப் பதிவு செய்கிறவருக்கு அது சரி. நாலு பேர் சேர்ந்து பாடுகிற ஹாலில் கண்டென்சர் வைத்தால் ஃபேன், காற்று, அடுத்த தெரு நாய் எல்லாம் உள்ளே வரும், ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தால் உடனே விசிலடிக்கும். அந்த மைக் வேலை செய்ய 48 வோல்ட் மின்சாரம் வேறு கொடுக்க வேண்டும். இவர்கள் கேட்பது அது இல்லை.

கீழக்கரை லாத்தா:
இதில் அண்ணன் பக்கம்தான் நான்.

யாரும் இன்னும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். வீட்டில் பாடுகிறவர்கள் பாதியிலேயே விட்டுவிடுவது ஸ்பீக்கரால் இல்லை, சுருதியால். ஆண் குரல் பாட்டு ஒரு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) இருக்கும், நாங்கள் ஐந்து கட்டையில் பாடுகிறவர்கள். அப்படியே பாடினால் கீழே முனகல், மேலே கத்தல். ஒன்றிலிருந்து ஐந்துக்கு மேலே ஏற்ற அரைக்கட்டை அரைக்கட்டையாக ஏழு படி (மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் அரை கிடையாது). ஏற்றாமல், கீழ் ஸ்தாயியில் இருக்கிற ஐந்துக்கு இறக்கினால் ஐந்து படிதான். மூன்று நாலு படிக்கு மேல் மாற்றினால் இசை ஒரு மாதிரி நசுங்கிப் போகும். அதனால் நான் முதலில் இரண்டு மூன்று படி இறக்கிப் பார்ப்பேன், அதற்குள் குரல் உட்கார்ந்துவிட்டால் சரி. இல்லையென்றால் வேறு பாட்டு. அந்த ஜப்பான்காரருக்கும் யோசனை வந்தது, தன் வாடிக்கையாளர் ஒருவர் பாடுவதற்கு ஏற்றபடி வாசித்துப் பதிவு செய்து கொடுத்ததிலிருந்துதான். சுருதி மாற்றுகிற ஆப் போனில் இருந்தால் போதும், பெட்டியில் இருக்க வேண்டியதில்லை. தங்கச்சிமடத்தாரே, அம்மாவுக்கு எத்தனை படி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டு நோட்டில் 140 பாட்டுக்கு மேல் இருக்கிறது.

உச்சிப்புளி மைக்செட்:
இது எனக்கே புதுசு தங்கச்சி. மேடையில் இசைக்குழு சுருதியை மாற்றி வாசித்துவிடும், அதனால் நான் இதை யோசித்ததே இல்லை.

ஹாலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட்டும் டைல்ஸும் சேர்ந்தால் சத்தம் சுவரில் மோதித் திரும்பத் திரும்ப வரும். நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள், டிங்கென்று வால் நீண்டால் எக்கோ திருகைப் பாதிக்குமேல் திருப்பாதீர்கள். தரையில் பாய் விரியுங்கள், ஒரு சுவரில் பழைய போர்வையையோ கனமான திரையையோ தொங்கவிடுங்கள். ஸ்பீக்கரை டிவி பக்கம் வைத்து, பாடுகிறவர் அதைப் பார்த்தபடி நிற்கட்டும். மைக்கின் வால் ஸ்பீக்கரை நோக்கினால் கூவாது. பிள்ளைகள் மைக்கின் தலைக்கம்பியைக் கையால் பொத்திப் பிடிப்பார்கள், பொத்தினால் கண்டிப்பாகக் கூவும். அடியில் பிடிக்கப் பழக்குங்கள்.

ஆனாலும் சொல்கிறேன், ட்ராலியோடு வரும் ஒயர்லெஸ் மைக்குகளில் விலை குறைந்தவை ஒரே அலைவரிசையில் நிற்கும். பக்கத்து வீட்டிலும் அதே மாடல் வாங்கினால் அவர் பாட்டு உங்கள் பெட்டியில் கேட்கும்.

கீழக்கரை லாத்தா:
அது உண்மை. எங்கள் தெருவில் நடந்திருக்கிறது. ஆனால் ட்ராலியில் கால் அங்குல மைக் துளை இருக்குமே, வயர் மைக்கையும் செருகலாம். அப்படிப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ராத்திரி 10 மணிக்குமேல் மட்டும் வேண்டாம். சட்டப்படியும் 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, அடுத்த வீட்டில் விடியக்காலையில் தொழிலுக்குப் போகிறவர் தூங்குவார். அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தங்கச்சிமடத்தான்:
இரண்டு பேருக்கும் நன்றி. சொந்தக்காரர் வீட்டுப் பெட்டியையே மறுபடி வாங்கி வந்து வயர் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். எங்கள் டிவியில் ஹெட்போன் துளையே இல்லை. பின்னால் சின்னதாக ஒரு சதுரத் துளை, உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரிகிறது. என்ன செய்வது?

உச்சிப்புளி மைக்செட்:
அது ஆப்டிகல், சத்தத்தை ஒளியாக அனுப்புகிற துளை. ஆப்டிகலை ஆக்ஸாக மாற்றும் சின்னக் கன்வெர்ட்டர் கிடைக்கும், ஆப்டிகல் வயரோடு சேர்த்து வாங்குங்கள். டிவி சவுண்ட் செட்டிங்கில் பிசிஎம் (சுருக்காத சாதாரண ஒலி) என்று மாற்றி வையுங்கள், இல்லையென்றால் சத்தமே வராமல் போகலாம்.

தங்கச்சிமடத்தான்:
ராமநாதபுரம் போய் வாங்கி வந்து மாட்டிவிட்டேன். எழுத்தும் இசையும் ஒன்றாக வருகிறது. சின்னவள் எட்டுப் பாட்டு பாடினாள், ஒரு வரி கூட முந்தவில்லை. அம்மாவுக்கு மூன்று படி இறக்கியதும் குரல் பழைய மாதிரி எழும்பியது, நோட்டில் எழுதிவிட்டேன். வயர்மேன் நாளைக்கு வந்து எர்த் பார்க்கிறார். அவர் சரி என்றால் முதலில் நல்ல வயர் மைக் ஒன்று வாங்குகிறேன். அது பெட்டிக்கும் ஆகும், பின்னால் மிக்சர் வாங்கினால் அதற்கும் ஆகும். பெட்டியா மிக்சரா என்பதை ஜூன் 14க்குள் முடிவு செய்கிறேன்.