டிராக் டே டயர் பிரஷருக்கு முதலில் எந்தக் கருவி வாங்குவது?

முன்சக்கரம்205:
டிராக் டேயில் (ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை ஓட்டும் நாள்) ஓட்டும் கார் முன்சக்கர டிரைவ் ஹேட்ச்பேக், 205/55 ஆர்16 சாலை டயர், 20 நிமிட செஷன். காலையில் நான்கு டயரிலும் 32 பிஎஸ்ஐ வைத்தால், பிட்டுக்கு (டிராக்கோரம் கார் நிறுத்துமிடம்) வரும்போது முன்னால் 39, பின்னால் 35 காட்டுகிறது. நாலைந்து சுற்றுக்குப் பிறகு வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளுகிறது. கையில் இருப்பது பேனா மாதிரி பிரஷர் கேஜ் மட்டும்தான். நல்ல கேஜ், வால்வு மூடிக்குப் பதில் மாட்டும் டிபிஎம்எஸ் (டயர் பிரஷரைக் காட்டும் சென்சார்), இன்ஃப்ராரெட் வெப்பமானி, 12 வோல்ட் கம்ப்ரசர் என்று நான்கு யோசனை. எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்க முடியாது. எதில் ஆரம்பிக்கலாம்?

பிட்வால்:
கேஜ்தான் முதலில். மற்ற எதை வாங்கினாலும் அது காட்டும் எண் சரியா என்று ஒப்பிட ஒரு நம்பகமான கேஜ் வேண்டும்.

முள் கேஜ் என்றால் 0–60 பிஎஸ்ஐ அளவுகோல் உள்ளதை எடுங்கள். பிழையை முழு அளவுகோலின் சதவீதமாகத்தான் குறிப்பிடுவார்கள். 2% பிழை 60-இல் 1.2 பிஎஸ்ஐ, அதே 2% 160 வரை போகும் கேஜில் 3.2. நீங்கள் தேடும் வித்தியாசமே 1 பிஎஸ்ஐ அளவு என்பதால், அந்த 160 கேஜ் இந்த வேலைக்கு ஆகாது. முள் கேஜ் அளவுகோலின் நடுப்பகுதியில்தான் மிகச் சரியாகக் காட்டும். 60-க்கு நடுவே 30, அதாவது நமக்கு வேண்டிய இடம். 1% கிடைத்தால் இன்னும் நல்லது. டிஜிட்டல் என்றால் திரையில் 0.1 தெரிவதை நம்பி வாங்காதீர்கள், துல்லியம் எத்தனை சதவீதம் என்று பெட்டியில் பாருங்கள்.

காற்று இறக்கும் பட்டன் கட்டாயம். வால்விலிருந்து எடுக்காமலே அழுத்தி இறக்க வேண்டும். பட்டனை அழுத்தியிருக்கும்போது காட்டும் எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். விட்டபிறகு முள் நின்றதும் படியுங்கள். ரப்பர் ஹோஸ் 30 செ.மீ.யாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் சூடான ரிம்மில் கை படும். மாட்டி வைத்துப் பத்து விநாடி பாருங்கள்: முள் மெல்ல இறங்கினால் முனை வாஷர் கசிகிறது. கீழே விழுந்த முள் கேஜை மறுபடி ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

கருவியைவிட அளக்கும் நேரம் முக்கியம். கடைசிச் சுற்றை ரொம்ப மெதுவாக ஓட்டாமல் நேராக உள்ளே வந்து, ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்தி, அதிகம் பாரம் ஏறும் முன் டயரில் தொடங்கி இரண்டு நிமிடத்துக்குள் நான்கையும் முடித்துவிடுங்கள். வலஞ்சுழி டிராக்கில் அது இடது முன் டயர். காலை அளவை நிழலில் எடுங்கள். ஒரு பக்கம் வெயில் பட நின்ற காரில் இடம் வலம் எண்களே ஒத்துவராது.

ரப்பர்த்தூள்:
கேஜ் முதலில் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் முன்பக்கம் தள்ளுவதற்குப் பிரஷரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. டயர் தோள்பட்டையிலிருந்து (தரையில் படும் பகுதியின் விளிம்பு) பக்கச்சுவர் வரை சாக்பீஸ் கோடு மூன்று இடத்தில் போட்டு ஒரு செஷன் ஓட்டுங்கள். பல டயர்களில் தோளருகே ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். அதையும் தாண்டிக் கோடு அழிந்தால் டயர் மடிகிறது: பிரஷர் போதவில்லை அல்லது கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் கோணம்) போதவில்லை. முக்கோணத்துக்கு வெகு முன்பே நின்றால் காற்று அதிகம்.

இன்ஃப்ராரெட்டை விடுங்கள். அது ரப்பரின் மேல்தோலை மட்டும் படிக்கும், அது பிட் லேனிலேயே ஆறிவிடும். ஊசியை 2–3 மி.மீ. உள்ளே செலுத்திப் பார்க்கும் வெப்பமானிதான் பயன். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றையும் குறியுங்கள். நடு மட்டும் சூடு என்றால் காற்று அதிகம். வெளிவிளிம்பு மட்டும் சூடு என்றால் கேம்பர் வேலை, காற்றை இறக்கித் தீர்க்கப் பார்க்காதீர்கள்.

வால்வு மூடி டிபிஎம்எஸ் பற்றி எச்சரிக்கை. அது வால்வு ஊசியை எப்போதும் அழுத்தித் திறந்தே வைக்கும். சென்சார் கசிந்தால் டயரே இறங்கும். 10 கிராம் சென்சார், உங்கள் டயர் அளவில் 200 கி.மீ. வேகத்தில் கிட்டத்தட்ட 6 கிலோ எடைபோல வால்வை வெளியே இழுக்கும். ரப்பர் வால்வில் மாட்டவே கூடாது. வேண்டுமென்றால் உலோக வால்வு போட்டு, சக்கரத்தை மறுபடி பேலன்ஸ் செய்யுங்கள். ரிம்முக்குள் உட்காரும் சென்சார் எவ்வளவோ மேல்.

முன்சக்கரம்205:
நன்றி, அப்படியானால் கேஜும் சாக்பீஸும். சூட்டில் 35 வேண்டும் என்று வைத்துக்கொண்டால் காலையில் முன்னால் எவ்வளவு? கம்ப்ரசர் தேவையா?

பிட்வால்:
35 சரியா என்பதை டயர் கம்பெனி தரும் சூட்டு அளவும் உங்கள் சாக்பீஸும் சொல்லட்டும். கணக்கு எளிது: ஏறியது 7, ஆக 28-இல் தொடங்குங்கள். முதல் இரண்டு சுற்று நிதானமாக. குளிர்ந்த டயர் அந்த அளவில் நெளியும். காலைக்கும் மதியத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் நிற்கும் டயரிலேயே சுமார் 1.5 பிஎஸ்ஐ ஏறும், அதையும் கணக்கில் எடுங்கள். பின் டயரைத் தனியாக முடிவு செய்யுங்கள், முன்னால் குறைத்ததால் பின்னாலும் குறைக்க வேண்டியதில்லை.

கம்ப்ரசர் தேவை, அதை இரண்டாவதாக வாங்குங்கள். சூட்டில் 35-க்கு இறக்கிய டயர் ஆறியதும் 28–29-இல் நிற்கும். அதோடு நெடுஞ்சாலையில் போகக் கூடாது. உங்கள் டயரின் கொள்ளளவு ஏறத்தாழ 30 லிட்டர், 7 பிஎஸ்ஐ ஏற்ற சுமார் 14 லிட்டர் வெளிக்காற்று போதும். சிறிய கம்ப்ரசரே இரண்டு நிமிடத்தில் முடிக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு எதிரழுத்தம் இல்லாத நிலைக்கானது, பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு டயருக்கு ஒருமுறை ஆறவிடுங்கள். அதிலுள்ள மீட்டரை நம்பாமல், கதவோர ஸ்டிக்கர் அளவைவிட 2 அதிகம் ஏற்றி, ஆறியபின் உங்கள் கேஜால் இறக்கிச் சரிசெய்யுங்கள்.