முதல் கட்ட மருந்துச் சோதனையில் அப்பாவைச் சேர்க்கலாமா?

சாட்ஸ்வொர்த் மகள்:
கல்லீரல் வரை பரவிவிட்ட குடல் புற்றுநோய்க்கு இனி வழக்கமான மருந்தில்லை என்ற மருத்துவர், முதல் கட்டச் சோதனைக்கான பதினெட்டுப் பக்க ஒப்புதல் படிவத்தை அப்பாவிடம் கொடுத்திருக்கிறார். நம்பிச் சேர்க்கலாமா?

ஓய்வுபெற்ற மருந்தாளர்:
அம்மா, அக்கட்டத்தின் முதல் நோக்கம் குணப்படுத்துவதன்று. உடல் தாங்கும் அளவைக் கண்டறிவதே. பல சோதனைகளில் மூவர் மூவராகச் சேர்த்து, கடும் பக்கவிளைவு இல்லையெனில் அடுத்த மூவருக்கு அளவைக் கூட்டுவார்கள். அப்பா எந்தப் படியில் சேர்கிறார் என்று கேளுங்கள்.

பீனிக்ஸ்வாசி:
விதிவிலக்கும் உண்டு, ஐயா. 1998இல் முதல் கட்டத்தில் இறங்கிய இமாட்டினிப் என்ற மருந்து, ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு 2001இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அரிதுதான்.

டர்பன் அண்ணன்:
என் தம்பி இப்படியொரு சோதனையில் சேர்ந்தபோது முதல் நாளே எட்டு முறை இரத்தம் எடுத்தார்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரியை அவனே கோடிட்டு வைத்திருந்தான். சோதனையை ஆராய்ந்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணைப் படிவத்தில் தேடுங்கள், தங்கையே.