குளிரில் 100 மீட்டர்: வார்ம்-அப் எப்படி?

கேள்வி: டொராண்டோவில் ஏப்ரலில் சீசனின் முதல் போட்டி. 6 டிகிரிதான் இருக்குமாம், எதிர்காற்று வேறு. பின்தொடை பிடிக்காமல் ஓட என்ன செய்யலாம்?

பதில் 1: வார்ம்-அப்பை 40 நிமிடமாக்குங்க. 10 நிமிடம் மெதுவோட்டம், டிரில்ஸ் (முழங்காலை உயர்த்தி ஓடுவது போன்ற பயிற்சிகள்), பிறகு வேகத்தைக் கூட்டிக் கூட்டி 60 மீட்டர் நான்கு தடவை. நின்றபடி நீளமாக ஸ்ட்ரெச் பண்ணாதீங்க, உடம்பு ஆறிடும்.

பதில் 2: வார்ம்-அப்பை விட, அதற்குப் பிறகு காத்திருக்கும்போதுதான் காரியம் கெடுது. வியர்த்த பனியனை உடனே மாத்துங்க. கால் பக்கம் ஜிப் வைத்த டிராக் பேன்ட் என்றால் ஸ்பைக்ஸை (ஆணி வைத்த ஓட்ட ஷூ) கழற்றாமலே கடைசி நிமிடத்தில் உருவிடலாம். அதுவரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சின்னதாகத் துள்ளுங்க. கையுறையும் வேணும், விரல் மரத்துப்போனால் ஸ்டார்ட்டில் கை ஊன்றுவதே தடுமாறும்.

பதில் 3: டைமிங்கை ஜூலையோடு ஒப்பிடாதீங்க. 5 டிகிரி காற்று 25 டிகிரி காற்றை விடச் சுமார் 7 சதவீதம் அடர்த்தி, அதைக் கிழித்து ஓடுவது கஷ்டம். பின்தொடை சுருக்கென்றால் அங்கேயே நிறுத்திடுங்க.