புதுப்பிப்பு: தெருமுனை காபிக்கடையில் காபி ஏன் கசக்கிறது?

முந்தைய பதிவைப் படிக்காதவர்களுக்கு: மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனைக் கடையில் ஃபில்டர் காபி திடீரென்று கசக்க ஆரம்பித்தது, கேட்டால் கல்லாவில் இருப்பவர் "எல்லாம் அதே பொடிதான் சார்" என்கிறார் என்று புலம்பியிருந்தேன். "ரெண்டாவது டிகாக்‌ஷனா இருக்கும்" என்று பலர் சொன்னீர்கள். பாதி சரி.

கூட்டமில்லாத மத்தியானத்தில் மாஸ்டரிடம் பேச்சுக் கொடுத்தேன். பொடி மாறியிருக்கிறது. முன்பு 80-க்கு 20 சிக்கரி, இப்போது 60-க்கு 40. 2024-லிருந்து கொட்டை விலை ஏறியதால் முதலாளி செய்த ஏற்பாடு. சட்டப்படி தவறில்லை, காபி 51 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும். பாக்கெட்டில் விகிதம் அச்சாகியிருக்கும், டம்ளரில்தான் தெரியாது!

கசப்புக்குக் காரணம் வேறு. காலையில் இறக்கிய டிகாக்‌ஷனை பாய்லர் மேலேயே வைத்துச் சுடவைத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்து மணிக்கு மேல் அது கஷாயம்தான். "ஆறினா பால் சூடு குறையும், திட்டுவாங்க அண்ணா" என்றார் மாஸ்டர். அவர் பாடு அவருக்கு.

முதலாளியிடமும் சொன்னேன். "ரெண்டு ரூபா ஏத்திக்கோங்க, பழைய பொடியே போடுங்க" என்றதற்குச் சிரித்தார். பொடி மாறவில்லை. ஆனால் பதினோரு மணிக்கு ஒருமுறை புதிதாக இறக்கச் சொல்லியிருக்கிறார், அந்த ஈடு நன்றாகவே இருக்கிறது. நுரை அடங்கியதும் டபராவில் பழைய வாசனை வருகிறது.

கடைப் பெயர் கேட்டவர்களுக்கு: சொல்லமாட்டேன். அங்கேதான் தினமும் குடித்தாக வேண்டும்.