‘இன்னைக்குக் கோவில் நடை சாத்தியாச்சு’: தாய்லாந்தில் நமக்கு நடந்தவை

போன ஜனவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாங்காக் போய் வந்தேன். அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முழங்காலிலும் வலி, முட்டைகூடத் தொடாதவள். “பாங்காக்குக்கு யாராவது அம்மாவோட போவாங்களாடா?” என்று ஆபீசில் ஒரே சிரிப்பு. ஐந்து நாளும் கோவில் கோவிலாகத்தான் சுற்றினோம். நடந்ததில் சிலவற்றை எழுதுகிறேன். போய் வந்தவர்கள் உங்களுடையதையும் எழுதுங்கள், ஒவ்வொன்றாகக் கீழே சேர்த்துவிடுகிறேன்.

முதல் நாள் காலையிலேயே ஏமாற இருந்தோம். பெரிய அரண்மனையின் வெள்ளை மதிலை ஒட்டி நடந்துகொண்டிருக்கிறோம். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஏதோ ஒரு அடையாள அட்டை, நல்ல இங்கிலீஷ், இப்படி ஒருவர் எதிரே வந்தார். “இந்தியாவா? வாங்க வாங்க. இன்னைக்கு விசேஷ பூஜை. வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு மணிக்குத்தான் திறப்பாங்க. அதுவரைக்கும் இந்த மூணு கோவிலையும் பார்த்துட்டு வந்துடுங்க” என்று வரைபடத்தில் வட்டம் போட்டுக் கொடுத்தார். டுக்டுக்கையும் (நம்ம ஆட்டோ மாதிரி) அவரே கைதட்டிக் கூப்பிட்டார். மூன்று கோவிலுக்கும் சேர்த்து 20 பாட் (அந்த ஊர்க் காசு).

நான் பாதி நம்பிவிட்டேன். அம்மா முழுசாகவே நம்பிவிட்டாள். “நைவேத்தியம் ஆகும்போது திரை போடுவாங்கல்ல, அப்படி இருக்கும்டா. மத்தியானம் நடை சாத்துறது வழக்கம்தானே” என்று டுக்டுக்கில் ஒரு காலை வைத்தும் விட்டாள். யோசித்துப் பார்த்தால் அந்தப் பொய் நமக்கென்றே தைத்த சட்டை மாதிரி. நம் ஊரில் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்தி நாலு மணிக்குத் திறப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு அதில் சந்தேகமே வராது. எனக்கு உறுத்தியது அந்த 20 பாட் மட்டும்தான். டுக்டுக்கில் பக்கத்துத் தெருவுக்குப் போகக்கூட அந்தக் காசு போதாது. “வேண்டாம், வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துக்கறோம்” என்று நடந்தோம். இருநூறு அடி தள்ளித் திரும்பினால் திருவிழாக் கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் சொல்வதை நம்பாதீர்கள் என்று அங்கே எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். அந்த டுக்டுக் ஏறியிருந்தால் ஒரு சின்னக் கோவில், அப்புறம் ஒரு ரத்தினக் கடை, அப்புறம் ஒரு தையல் கடை என்று நாள் ஓடியிருக்கும். கடைக்காரர்கள் டிரைவருக்கு பெட்ரோல் கூப்பன் கொடுத்துவிடுவார்களாம், அதனால்தான் 20 பாட்.

உள்ளே போக ஆளுக்கு 500 பாட். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அம்மாவுக்கு முதல் அரை மணியிலேயே காசு தேறிவிட்டது. அரண்மனைக்குள்ளேயே இருக்கும் வாட் ப்ரா கேவ், அதாவது மரகத புத்தர் கோவிலைச் (வாட் என்றால் கோவில்) சுற்றியுள்ள பிராகாரச் சுவர் முழுக்க ராமாயணம். 178 பகுதிகளாக வரைந்திருக்கிறார்கள், அவர்கள் வழக்கில் ராமகியன். அம்மா பலகை எதையும் பார்க்காமல் தானே கதை சொல்லிக்கொண்டு வந்தாள். வாசலில் நிற்கும் பச்சை அரக்கனிடம் வந்ததும் நின்றுவிட்டாள். பல தலை, கையில் கதாயுதம். அவன் பெயர் தோத்சகான். இரண்டு தரம் சொல்லிப் பாருங்கள், தசகண்டன் என்று காதில் விழும். “ராவணனையா கோவிலுக்குக் காவல் போட்டிருக்காங்க?” என்று அவளுக்குத் தாங்கவில்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி அனுமார். இந்த ஊர் அனுமார் பிரம்மச்சாரி இல்லை. சேது கட்டும்போது கல்லை எடுத்துக்கொண்டு போகிற கடல்கன்னி ஒருத்தியைக் காதலிக்கிறார். அவள் ராவணன் மகள் வேறு. இதை நான் சொல்லியிருக்கவே கூடாது. அம்மா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு அடுத்த சுவருக்குப் போய்விட்டாள்.

மரகத புத்தர் 66 சென்டிமீட்டர்தான். உயரமான பீடத்தின் உச்சியில் இருப்பதால் இன்னும் சின்னதாகத் தெரிகிறார். வெயில், மழை, குளிர் என்று வருஷத்துக்கு மூன்று முறை அவருக்கு உடை மாற்றுவார்கள், மாற்றுவது ராஜா. நாங்கள் பார்த்தது குளிர்கால அலங்காரம். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது. எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் உட்கார்ந்தாள். முழங்கால் மடங்காதே, பழக்கதோஷத்தில் இரண்டு காலையும் நேராக நீட்டிவிட்டாள். பாதம் இரண்டும் சாமியைப் பார்த்தபடி.

காவலர் வந்தார். சத்தம் போடவில்லை. அம்மாவின் பாதத்தைக் காட்டி, புத்தரைக் காட்டி, தலையை ஆட்டினார். எனக்கு வியர்த்துவிட்டது. “அம்மா, காலை மடக்கு.” “மடங்கினா மடக்க மாட்டேனாடா?” பக்கத்தில் அம்மா வயதிலேயே ஒரு தாய்லாந்துப் பாட்டி உட்கார்ந்திருந்தார். அவர் அம்மாவின் முழங்காலை லேசாகத் தட்டி, தன் காலைக் காட்டினார். இரண்டு காலையும் ஒரே பக்கமாக ஒதுக்கி, பாதம் பின்னால் போகிற மாதிரி. கோலம் போடும்போது அலுத்துப்போய் ஒருக்களித்து உட்காருவார்களே, கிட்டத்தட்ட அப்படி. அம்மாவுக்கு முக்கால்வாசிதான் வந்தது. பாட்டி போதும் என்று தலையசைத்தார். ஒரு வார்த்தை பேச்சு இல்லை. வெளியே வந்ததும் அம்மா சொன்னது: “நம்ம ஊர்லயும் சாமிக்கு நேரா கால் நீட்டக் கூடாதுதான். நான்தான் மறந்துட்டேன்.”

வாட் போவில் படுத்திருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். மண்டபத் தூண்களுக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும். தோள் ஒரு இடுக்கில், இடுப்பு ஒரு இடுக்கில். பாதத்தில் சிப்பி இழைத்து 108 மங்கலச் சின்னங்கள். பின்பக்கம் சுவரோரமாக 108 வெண்கலப் பாத்திரங்கள் வரிசையாக இருக்கும். ஒரு நோட்டைக் கொடுத்தால் ஒரு கிண்ணம் சில்லறை தருவார்கள், ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். அம்மா ஒவ்வொரு காசுக்கும் ஒரு போற்றி சொன்னாள். முருகன் போற்றி, புத்தருக்கு. தொண்ணூறு சொச்சத்தில் காசு தீர்ந்துவிட்டது. “பாதியில நிறுத்தக் கூடாது” என்றதால் திரும்ப ஓடிப்போய் இன்னொரு கிண்ணம் வாங்கி வந்தேன்.

அங்கிருந்து தா தியன் துறையில் 5 பாட் கொடுத்துப் படகேறினால் அக்கரையில் வாட் அருண். பீங்கான் சில்லுகளை ஒட்டியே பூ பூவாகச் செய்த கோபுரம். படிகள் செங்குத்து, அம்மா கீழேயே இருந்துவிட்டாள். சாப்பாட்டுக்கு ஒரு குறிப்பு: மஞ்சள் துணியில் சிவப்பாக ‘ஜே’ என்று தாய் எழுத்தில் எழுதிய கடையைத் தேடுங்கள். மீன் சாறு, முட்டை எதுவும் இருக்காது. பூண்டு வெங்காயமும் இருக்காது. வேறு கடையில் “வெஜ்” என்று கேட்டால் கறியை மட்டும் எடுத்துவிட்டு மீன் சாறு ஊற்றித் தருவார்கள், அவர்கள் கணக்கில் அது சைவம்தான்.

* * *

நீங்கள் கேட்டதால் எங்கள் கதையும்: நாங்கள் பாங்காக்கிலிருந்து அயுத்தயாவுக்கு ஒரு நாள் போனோம். மூன்றாம் வகுப்பு ரயில், நம் பாசஞ்சர் வண்டி மாதிரியே ஜன்னல் திறந்து காற்று வாங்கிக்கொண்டு போகலாம். ஸ்டேஷனுக்கு எதிரே ஆறு, படகில் கடந்தால் பழைய நகரம். அயோத்தியிலிருந்து வந்த பெயர். 1350இல் உண்டான தலைநகரை 1767இல் பர்மியப் படை எரித்துவிட்டது. செங்கல் கோபுரங்களும் தலையில்லாத புத்தர்களும்தான் மிச்சம். வரிசை வரிசையாகத் தலையில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

என் பையனுக்கு ஒன்பது வயது, அவனுக்கு எதுவும் பிசையவில்லை. ஒரு சிலைக்குப் பின்னால் போய் அந்தக் கழுத்தின் மேல் தன் தலையை வைத்து “அம்மா, போட்டோ!” என்றான். நான் திட்ட வாயைத் திறப்பதற்குள் விசில் சத்தம். அதைத்தான் அங்கே பெரிய குற்றமாகப் பார்க்கிறார்கள். விசில் அடித்த பெண் காவலர் அவனை அடிக்கவுமில்லை, அதட்டவுமில்லை. கையைப் பிடித்து வாட் மஹாதாட்டில் அரசமர வேருக்குள் சிக்கிய புத்தர் தலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே நின்றுகொண்டு படம் எடுக்கக் கூடாது. அந்த முகம் தரையை ஒட்டி இருப்பதால், அதைவிட நம் தலை உயரக் கூடாது என்று உட்காரச் சொல்கிறார்கள். அவரும் உட்கார்ந்தார், இவனும் உட்கார்ந்தான். பிறகு என் போனை வாங்கி அவரே படம் எடுத்துக் கொடுத்தார். அந்த ஒரு படத்தில்தான் அவன் நாக்கை நீட்டாமல் இருக்கிறான்.

வெளியே ‘ரோட்டி சாய் மாய்’ விற்பார்கள், மெல்லிய ரொட்டியில் பஞ்சுமிட்டாய் நூலைச் சுருட்டியது. வாங்காமல் வராதீர்கள்.

* * *

வாட் த்ரைமிட் யாரும் எழுதவில்லையே? சைனா டவுன் பக்கம். ஐந்தரை டன் தங்க புத்தர். பல காலம் மேலே சுண்ணச் சாந்து பூசிக் கிடந்ததால் சாதாரணச் சிலை என்றே நினைத்திருக்கிறார்கள். 1955இல் இடம் மாற்றத் தூக்கும்போது கீழே விழுந்து சாந்து உடைய, உள்ளே பளபள. என் மாமனார் சாமி கும்பிடவில்லை, கிராம் விலை வைத்து மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். விடை வருவதற்குள் மூடும் நேரம் ஆகிவிட்டது.

* * *

வடக்கே சியாங் மாய் நகரத்தில் எனக்கு நடந்தது. வாட் செடி லுவாங் வளாகத்தில் துறவிகளோடு உட்கார்ந்து பேச ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். இளம் துறவிகளுக்கு இங்கிலீஷ் பழக்கமாகிறது, நமக்குச் சந்தேகம் தீர்கிறது. நான் தனியாகப் போயிருந்தேன். என்னோடு பேசிய துறவிக்கு இருபது வயதுகூட இருக்காது. பேசி முடித்ததும் கையில் வைத்திருந்த பழப்பையை நம் வீட்டுப் பையனுக்கு நீட்டுகிற மாதிரி நேராக நீட்டிவிட்டேன். அவர் வாங்கவில்லை. ஒரு மஞ்சள் துணியை மேசையில் விரித்து அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். துணியில் வைத்தேன், எடுத்துக்கொண்டார். பெண்கள் கையிலிருந்து நேராக வாங்கக் கூடாது என்பது அவர்கள் விதி. எனக்கு அந்த நொடி சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வீட்டிலேயே மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கி நின்ற ஞாபகமெல்லாம் வந்தது. அவர் முகத்தில் அருவருப்பு எதுவும் இல்லை, கூச்சம்தான் இருந்தது. ஆனாலும் விதி விதிதான், எனக்கு அது பிடிக்கவில்லை.

அவர் கேட்ட கேள்வியைச் சொல்ல வேண்டும். “உங்கள் ஊரில் புத்தர் கோவில் இருக்கிறதா?” நான் நாகப்பட்டினத்துக்காரி. ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய ராஜா எங்கள் ஊரில் சூடாமணி விகாரம் கட்டினார், இப்போது அது இல்லை, அங்கே கிடைத்த வெண்கல புத்தர்கள் சென்னை மியூசியத்தில் இருக்கின்றன என்றேன். “கோவில் போய்விட்டது, புத்தர் இருக்கிறார்” என்று சொல்லிச் சிரித்தார். மறுநாள் சிவப்பு சாங்தேவில் (நம்ம ஷேர் ஆட்டோதான், கொஞ்சம் பெரிசு) தோய் சுதெப் மலைக்குப் போய் நாகம் நெளிகிற முந்நூறு சொச்சம் படியும் ஏறினேன்.

* * *

அம்மாவோடு போன நண்பருக்கு: பாங்காக்கில் சில வருஷம் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். சீலோம் சாலையில் மாரியம்மன் கோவில். 19ஆம் நூற்றாண்டில் போன நம் ஆட்கள் கட்டியது. ஊர்க்காரர்கள் ‘வாட் கேக்’ என்பார்கள். கேக் என்றால் விருந்தாளி, இந்தியர்களையும் அப்படித்தான் சொல்வது. இன்று அங்கே நம்மவர்களைவிடத் தாய்லாந்துக்காரர்கள்தான் அதிகம். சாமந்தி மாலை, தேங்காய்த் தட்டு, கண்ணை மூடி ஒரே வேண்டுதல். விஜயதசமி ராத்திரி சீலோம் சாலையையே அடைத்துவிட்டு அம்மன் ஊர்வலம் வரும்.

இன்னொன்று வாட் சுதட் கோவிலுக்கு எதிரே நிற்கும் சிவப்பு ராட்சத ஊஞ்சல். 1784இல் முதலாம் ராமா என்ற ராஜா வைத்தது. அதில் ஆட்கள் நின்று ஆடி, கம்பத்தில் கட்டிய பண முடிப்பைப் பல்லால் கவ்வி எடுப்பார்களாம். விழுந்து செத்தவர்களும் உண்டு, அதனால் 1935இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஊஞ்சல் நின்றாலும் சடங்கு நிற்கவில்லை. பக்கத்திலேயே தேவஸ்தான் என்ற சிவன் கோவிலில் அரண்மனைப் பிராமணர்கள் இன்றும் செய்கிறார்கள். சடங்கின் பெயர் ‘த்ரியம்பவாய் த்ரிபவாய்’. மெதுவாகச் சொல்லுங்கள்: திருவெம்பாவை, திருப்பாவை. நம் பதிகத்தை, உச்சரிப்பு அடையாளம் தெரியாமல் தேய்ந்த நிலையில், பரம்பரையாக ஓதிக்கொண்டிருக்கிறார்கள். மார்கழியை ஒட்டி, டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்கில் நடக்கும்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடியும். மேலே உள்ளதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அனுமார் பகுதியை ஏன் ஊருக்கெல்லாம் எழுதினாய் என்று முதலில் திட்டு விழுந்தது. ஊஞ்சல் பகுதி வந்ததும் பேச்சில்லை. “நாம போனதும் ஜனவரிதானே?” என்றாள். ஆமாம். “அந்தச் சிவப்புக் கம்பத்தைத் தாண்டித்தானே அன்னைக்கு ஜே கடைக்குப் போனோம்?” அதுவும் ஆமாம். அவள் நிழலில் நின்று தண்ணீர் குடித்த படமே என் போனில் இருக்கிறது, பின்னால் ஊஞ்சல். டிராபிக் சிக்னல் வளைவு என்று நினைத்தேன்.

இப்போது தினமும் காலையில் ஒருக்களித்து உட்காரப் பழகிக்கொண்டிருக்கிறாள். அடுத்த மார்கழிக்கு டிக்கெட் என்ன விலை என்று பார்க்கச் சொல்லியிருக்கிறாள்.